முழு ஸ்கேன் நடந்துகொண்டிருக்கிறது

இல்ல சார், பையத் திறக்காதீங்க. ஒண்ணும் வெளிய எடுக்காதீங்க. மொதல்ல இந்த நாற்காலியில உக்காந்து சும்மா பாருங்க. கம்ப்யூட்டர் பட்டன அமுக்கிட்டேன். இப்ப மணி என்ன? பத்து அஞ்சா? சரி. எப்ப இந்தத் திரையில ஒரு படம் வருதுன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க. உங்க கம்பெனிக்கு ஏழு தடவை போன் பண்ணியிருக்கேன். ஏழு தடவையும், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்னு ஒரே கேள்வி. ரீஸ்டார்ட் பண்ணாமயா போன் பண்ணுவேன்? அந்தப் பொண்ணு நான் சொல்றதக் கேக்குதா, இல்ல எழுதி வெச்சதப் படிக்குதான்னே புரியல.

காப்பியா? தரேன். ஆனா இப்ப வேணாம். இது முழிக்கிறதுக்குள்ள ரெண்டு காப்பி ஆறிப்போயிடும்.

ஆமா, சத்தமாத்தான் பேசறேன். பேசினா என்ன? நானும் கவுன்ட்டர்ல நிக்கிறவதான் சார். மருந்துக்கடையில பத்தொம்பது வருஷம். இன்னிக்கு உங்களுக்காக லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தர் வந்து, நீங்க குடுத்த மருந்தச் சாப்ட்டதுல இருந்து எந்திரிக்கவே முடியலம்மான்னு சொல்றாருன்னு வெச்சுக்குங்க. உங்க உடம்பு பழசு, வேற உடம்பு வாங்கிக்குங்கன்னு நான் சொல்லுவேனா? உங்க கம்பெனி அதத்தான சொல்லுது! கம்ப்யூட்டர் பழசாம், மெமரி பத்தலையாம், புதுசு வாங்கினா எல்லாம் சரியாயிடுமாம். நல்ல வைத்தியம்.

உங்க ஆன்ட்டிவைரஸ் வர்றதுக்கு முன்னாடி இது ஒழுங்காத்தான் ஓடிச்சு. எங்க மருமகன் வந்தப்போ, ஐயோ அத்தை, பாதுகாப்பே இல்லாம வெச்சிருக்கீங்களேன்னு பதறிப்போய் இதப் போட்டுக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாரு. அனுபவிக்கிறது நாங்க. வைரஸ் வந்திருந்தாக்கூட இந்தப் பாடு படுத்தியிருக்காது. அதுக்காவது ஒரு மரியாதை இருந்திருக்கும், வந்த வேலையப் பாத்துட்டுப் போயிருக்கும்.

பாருங்க, பத்து பதினொண்ணு ஆச்சு. வெறும் கறுப்பு. உள்ள அந்த ஃபேன் கத்துது கேக்குதா? மாவு மில்லு மாதிரி. இதுக்கப்புறம் மூலையில பச்சையா ஒரு கேடயம் எட்டிப் பாக்கும். உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளதுன்னு. பாதுகாப்பா இல்லாம? நகரவே நகராத கம்ப்யூட்டர எவன் வந்து என்ன பண்ணப்போறான்? அத மூடினா, இன்னும் நல்ல பாதுகாப்பு வேணுமா, மேல கட்டுங்கன்னு இன்னொண்ணு வரும். அத மூடினா, ஏன் மூடினீங்க, காரணம் சொல்லுங்கன்னு கேக்கும். என் வீட்ல நான் ஒரு ஜன்னல மூடுறதுக்கு அதுக்கு நான் காரணம் சொல்லணும்!

யாரு, அந்த ரூம்ல ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கிறவரா? எங்க வீட்டுக்காரர். ஓ, வணக்கம் சொன்னீங்களா? பதில் சொல்லலன்னு தப்பா நெனைக்காதீங்க. அவருக்குக் குரல் கிடையாது. கழுத்துல துணி கட்டியிருக்காரே, பாக்கல? தொண்டையில கட்டி வந்து, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி குரல்வளையையே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை, அதுல சின்னதா ஒரு குழாய். அது வழியாத்தான் மூச்சு. காதெல்லாம் நல்லாக் கேக்கும். என்னவிட நல்லாக் கேக்கும்.

இந்தக் கம்ப்யூட்டர்தான் சார் அவரு வாய். இப்பப் புரியுதா நான் ஏன் கத்தறேன்னு?

டைப் பண்ணி அந்தப் பெரிய பட்டனத் தட்டினா அது பேசும். ஆஸ்பத்திரியில ஒரு டீச்சரம்மா சொல்லிக்குடுத்தாங்க. அவரு யாரு தெரியுமா? டிரைவிங் ஸ்கூல் நடத்தினவரு. இருபத்தெட்டு வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு, கிளச்சு, கிளச்சு, யோவ் கிளச்சுன்னு தொண்டை கிழியக் கத்தினவரு. இவருகிட்ட திட்டு வாங்காம இந்த ஏரியாவுல ஒருத்தர் லைசென்ஸ் எடுத்திருக்க முடியாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு மாசம் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் இது வந்துச்சு. மொதநாள் என்ன டைப் பண்ணாரு தெரியுமா? ரசத்துல உப்பு இல்ல.

சிரிக்காதீங்க. நான் அன்னிக்கு அழுதுட்டேன்.

கொடும என்னன்னா, அதுல இருக்கிறது பொம்பளக் குரல் ஒண்ணுதான். விமான நிலையத்துல அறிவிப்பு குடுக்குமே, அந்த மாதிரி. அந்தக் குரல்ல அவரு என்னத் திட்டுவாரு. அறிவிருக்கா உனக்கு, அப்படீன்னு அவ்வளவு மரியாதையா, நிதானமாக் கேக்கும். வெளியில நிக்கிறவங்க யாரோ விருந்தாளி வந்திருக்காங்கன்னு நெனச்சுப்பாங்க.

போன்ல பண்ணலாமேங்கிறீங்களா? எல்லாரும் இதச் சொல்லிட்டாங்க. விரல் தடிமனு சார், ஒரு எழுத்தத் தொட்டா மூணு விழுது, எரிஞ்சு விழறாரு. பேப்பரா? எழுதுவாரு. ஆனா எழுதினா நான் வந்து படிக்கணும். நான் அடுப்படியில இருப்பேன், துணி காயப்போட்டுட்டு இருப்பேன். ஏய்னு கூப்பிடறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு அவருக்கு.

அதுல கொண்டு வந்து, வைரஸ் தேடறேன்னு உங்க ஸ்கேன வெச்சீங்க. பேசிட்டே இருக்கும், திடீர்னு பாதி வார்த்தையில நிக்கும். முழு ஸ்கேன் நடந்துகொண்டிருக்கிறது, தயவுசெய்து காத்திருக்கவும். ஒரு மணிநேரம், ரெண்டு மணிநேரம். அவரு தட்டிட்டே இருப்பாரு, ஒண்ணும் வராது. நடுரோட்டுல ஒரு ஆளு வாயில துணிய அடைச்ச மாதிரி. உங்க வாயில அடைச்சாத் தெரியும்.

வந்துடுச்சா? பத்து இருபத்திரண்டு. பதினேழு நிமிஷம். எழுதிக்குங்க, உங்க மேனேஜர்கிட்ட காட்டுங்க. பாருங்க, தாராளமா உள்ள போய்ப் பாருங்க.

என்ன அது, லிஸ்ட்டு மாதிரி?

ஸ்கேன் ஓடின தேதியா? எல்லாம் அதுல இருக்குமா? சரி, இருக்கட்டும். அதுல என்ன தெரியப்போகுது. வேகமா ஓடறதுக்கு வழி பாருங்கன்னா நீங்க பழசக் கிளறிட்டு இருக்கீங்க.

தானா ஓடறது ஞாயித்துக்கிழம மட்டுமா?

மெதுவாப் பேசுங்க சார். அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க. சாத்துங்க, சொல்றேன்.

எத்தனை? இருபத்து மூணா? அவ்வளவு இருக்காது. ஒன்றரை மாசத்துலயா... இருக்கும். இருக்கும் சார். கையால அமுக்கினதுன்னு அதுவே போட்டிருக்குல்ல, அது எதுக்குப் பொய் சொல்லப்போகுது. ஆமா. நான்தான்.

மொதத் தடவை தானாத்தான் வந்துச்சு. சத்தியமா. அன்னிக்கு ஒரு சண்டை. எங்க சண்டையெல்லாம் ஒரே மாதிரிதான், நான் ரெண்டு வார்த்த சொன்னா அவரு இருபது சொல்லுவாரு. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் சார், நான் ஆரம்பிச்ச ஒரு பேச்ச நானா முடிச்சது கிடையாது. நடுவுல புகுந்து, போதும் போதும், போய் வேலையப் பாருன்னுடுவாரு. குரல் போனதுக்கு அப்புறமும் மாறல, அந்தப் பொம்பளக் குரல்ல சொல்லுவாரு, அவ்வளவுதான். அன்னிக்கு அது பாதியில நின்னுடுச்சு. அவரு தட்டறாரு, தட்டறாரு, ஒண்ணும் வரல. நான் பேசினேன். நிறுத்தாம, முழுசா, மனசுல இருந்த அத்தனையும். கடைசி வார்த்தை என்னோடது. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அடுப்படிக்குப் போய்த் தண்ணி குடிச்சேன், கை காலெல்லாம் லேசா இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் உங்க கம்பெனிக்கு மொதப் போன். இந்த ஸ்கேன் எப்படி வருது, நாமளே ஓடவிடலாமாம்மான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு பாவம், எங்க போகணும், எத அமுக்கணும், எல்லாத்தையும் வரிசையாச் சொல்லிக் குடுத்துச்சு.

அவருக்குத் தெரியாது. சண்டை சூடாகும்போது, இருங்க, துடைக்கிறேன்னு துணிய எடுத்துட்டு இந்தப் பக்கம் வருவேன். ரெண்டு தட்டு, முடிஞ்சுது. அப்புறம் உங்களுக்குப் போன் போட்டு அவரு காதுல விழற மாதிரிக் கத்துவேன். என்ன கம்பெனி நடத்துறீங்க, எங்க வீட்டுக்காரர் பேச முடியாமத் தவிக்கிறாருன்னு. அவரு என்னப் பாவமாப் பாப்பாரு. ஒரு தடவை, விடு, அவங்களத் திட்டி உனக்கு பிபி ஏறிடப்போகுதுன்னு டைப் பண்ணாரு. அப்பவாவது நிறுத்தியிருக்கணும்.

பதினோரு நாள் ஆச்சு. அதோ அந்த லிஸ்ட்ல, கையால அமுக்கினதுல மேல இருக்கே, அதுதான் கடைசி. அன்னிக்கு காரப் பத்தின பேச்சு. வாசல்ல நிக்குதே, பக்கத்து சீட்டுலயும் பிரேக் வெச்ச பழைய காரு. துருப்பிடிச்சு நிக்குது, யாருக்காவது குடுத்துடலாம்னேன். அவருக்குக் கோபம் வந்துடுச்சு. நான் துணிய எடுத்தேன். அமுக்கினேன். பேசவேண்டியத எல்லாம் பேசிட்டு, கதவ அறைஞ்சு சாத்திட்டு வெளிய போயிட்டேன். கால் போன போக்குல போய் ஒரு பார்க்குல உக்காந்தேன். ரெண்டரை மணிநேரம்.

திரும்பி வந்து வாசல்ல சாவியப் போடறேன், உள்ள பேச்சுச் சத்தம். ஸ்கேன் அப்பத்தான் முடிஞ்சிருக்கு. அடைச்சு வெச்சிருந்ததெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வருது. அவரு தட்டினது ஒண்ணுகூட வீணாப்போகல சார், எல்லாம் உள்ள வரிசையில நின்னிருக்கு. நான் உள்ள போகல, கதவப் புடிச்சுட்டு நின்னேன். அது என் காருன்னு வந்துச்சு. உனக்கு என்ன தெரியும்னு வந்துச்சு. திட்டு, திட்டு. அப்புறம், சரி குடுத்துடு. அப்புறம், கோவமா. அப்புறம், குழாயில சளி அடைக்குது, கண்ணாடிய எங்க வெச்ச. கண்ணாடியப் பாத்துத்தான் சார் அந்தக் குழாயச் சுத்தம் பண்ணணும். கழுவிட்டு நான்தான் அலமாரி மேல்தட்டுல வெச்சிருந்தேன். கண்ணாடி. கண்ணாடி. அப்புறம், இருக்கியா. இருக்கியா. இருக்கியா. அதே நிதானத்துல, அதே மரியாதையான குரல்ல, எத்தனை தடவைன்னு நான் எண்ணல.

ஒண்ணும் ஆகல. எப்படியோ தடவித் தடவி அவரே சுத்தம் பண்ணிட்டாரு. நான் உள்ள போனப்போ சட்டையெல்லாம் நனைஞ்சு உக்காந்திருந்தாரு. என்னப் பாத்தாரு. எந்திரிச்சுப் போய் அந்த ஜன்னல் பக்கம் உக்காந்தவருதான், இன்னிய வரைக்கும் இதுகிட்ட வரல. பேப்பர்லகூட ஒரு எழுத்து எழுதல. அவருக்குத் தெரிஞ்சுபோச்சா, இல்ல இந்த மெஷின் மேலயே வெறுத்துட்டாரான்னு எனக்குப் புரியல. கேட்டாலும் எதுல பதில் சொல்லுவாரு?

செட்டிங்க மாத்தறதெல்லாம் வேணாம் சார். அடியோட எடுத்துடுங்க. வைரஸ் வந்தா வரட்டும். இன்னும் எவ்வளவு நேரமாகும்? நீங்க போனதும் அவரக் கூட்டிட்டு வந்து இங்க உக்காரவெச்சு, நான்தான் அமுக்கினேன்னு சொல்லப்போறேன். சொன்னதும் திட்டுவாரு. நல்லாத் திட்டுவாரு. அப்போ மட்டும் இது நடுவுல நிக்கக் கூடாது சார், ஒரு வார்த்தைகூட நிக்கக் கூடாது. அதுக்குத்தான் உங்கள வரச்சொன்னேன்.