மேப்பிள் வாளி கழுவிய விதம்

மேப்பிள் மரத்தில் சாறு பிடிக்கிற குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவக் கூடாது. வாசம் பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டால் பிறகு குடிப்பதெல்லாம் சவர்க்காரம்தான். கொதிக்கிற தண்ணீர், நீளக் காம்பு வைத்த பிரஷ், மூன்று தரம் அலசல், பிறகு கவிழ்த்து வைத்துக் காய விடுதல். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அந்த வேலையை என்னைப் போலச் சுத்தமாகச் செய்ய ஆள் இல்லை. அங்கே வேறு யாரும் அதைச் செய்வதில்லை என்பது ஒரு காரணம்.

சுப்ரியா பிள்ளை, மொழிபெயர்க்க வந்த நீங்கள் இதைப் பொலிஸ் அம்மாவுக்கு இங்கிலீஷில் சொல்லும்போது சிரிக்காமல் சொல்லுங்கள்.

என் பெயர் சச்சிதானந்தன். வயது அறுபத்தொன்பது. சுன்னாகம் சந்தையில் வாழைக்குலை விற்ற குடும்பம். எங்கள் வீட்டில் ஒருவர் பசிக்கிறது என்றாலும் மற்றவர் எவ்வளவு என்று கேட்பார்.

என் மனைவி நாகேஸ்வரிக்கு ஐந்து வருடங்களுக்கு முன் சிறுநீரகம் மாற்றினார்கள். அதன் பிறகு அவளுக்குப் பொழுதுபோக்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. டொரொண்டோவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் ஜதுர்ஷிகாதான் மரத்தில் செருகுகிற இரும்பு மூக்கு, குழாய், மூடி போட்ட வாளி எல்லாவற்றையும் பார்சலில் அனுப்பினாள். பின்வளவில் மேப்பிள் மரம் சும்மா நின்றது. ஜனவரிக் குளிரில் துளை போட்டோம். முதல் நாள் சாற்றைக் காய்ச்சிப் பாணி எடுக்கப் பார்த்ததில் ஆவி பட்டுச் சமையலறைச் சுவர்த்தாள்தான் உரிந்தது. அதனால் நாகேஸ்வரி பச்சையாகவே குடித்தாள். காலையில் ஒரு கிளாஸ், மாலையில் ஒரு கிளாஸ். அவளுக்கு விரல் மூட்டு வீக்கம். கழுவுகிற பொறுப்பு என்னுடையது.

மகளுக்கு மார்ச் கடைசியில் பிள்ளை பிறக்க இருந்தது. போனில் கேட்டாள்.

"அப்பா, அம்மா ஒரு ஆறு மாசம் வந்து நிக்கட்டும்."

"ரெண்டு கிழமை."

"என்னப்பா, வாழைக்குலைக்கோ விலை பேசுறியள்? சரி, மூண்டு மாசம். நீங்களும் வாங்கோவன்."

"எனக்குக் கால் ஏலாது, பிள்ளை. எட்டு மணித்தியாலம் மடக்கி வைச்சிருக்க ஏலுமே?"

என் காலுக்கு ஒன்றுமில்லை. அது சந்தைப் பழக்கம். விலை படியாவிட்டால் கடையை விட்டு நாலடி நடக்க வேண்டும். கடைக்காரன் திரும்பக் கூப்பிடுவான். நான் நாலடி நடந்தேன். நாகேஸ்வரி கூப்பிடவில்லை.

"அப்ப நீங்கள் இஞ்சை இருங்கோ," என்றாள். "மூண்டு மாசத்துக்கும் கறி சமைச்சு ஃப்ரீசரிலை வைச்சிட்டுப் போறன்."

மறுநாளே தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு டப்பாவிலும் திகதி எழுதி ஒட்டினாள். ஏப்ரல் பதினொன்று, கத்தரிக்காய். மே இரண்டு, கணவாய். நான் தனியாக இருந்து சாப்பிடப்போகிற நாட்கள் எல்லாம் அடுக்கடுக்காக உறைந்துகொண்டிருந்தன. போகாதே என்று இப்போது எப்படிச் சொல்வது? கால் ஏலாது என்று நானே சொல்லிவிட்டேன். நானும் வருகிறேன் என்றாலும் சிரித்திருப்பாள்.

மார்ச் ஆறாம் திகதி விமானம். பெப்ரவரி பத்தாம் திகதியிலிருந்து நான் குழாயையும் வாளியையும் கழுவவில்லை.

ஒன்றும் செய்யாததை வாக்குமூலத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று தெரியவில்லை. செய்தது என்று பார்த்தால், குசினிப் பைப்பைத் திறந்து, அவள் காதில் விழுகிற மாதிரி மூன்று தரம் தண்ணீரை ஓடவிட்டேன். பிரஷை நனைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு கிழமையில் குழாயின் உட்புறம் வழுவழுத்தது.

"இஞ்சருங்கோ, இண்டைக்குக் கொஞ்சம் புளிக்குதப்பா."

"சீசன் முடியுதெல்லோ. அப்பிடித்தான்."

அவள் குடித்தாள். நான் சொன்னால் அவள் நம்புவாள்.

சின்ன வயிற்றுவலி, டாக்டர் பறக்க வேண்டாம் என்பார், அவ்வளவுதான் நான் கேட்ட விலை. மற்றவர்களுக்கு வந்து போகிற கிருமி சிறுநீரகம் மாற்றிய இவருக்கு ஆபத்து என்று அதே டாக்டர் முன்பு சொன்னபோது நானும் அறைக்குள் இருந்தேன். என் காது நன்றாகக் கேட்கும். அதையும் எழுதுங்கள்.

பெப்ரவரி இருபத்தாறு, ஆம்புலன்ஸ். கிருமி எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எங்கள் ஊரில் கள்ளு இறக்குகிற முட்டியை உரஞ்சிக் கழுவுவதில்லை, அந்த நினைப்பில் விட்டுவிட்டேன் என்றேன். டாக்டர் பாவப்பட்டுத் தலையாட்டினார். மகள் போனில் அழுதாள்: "நீங்கள் உங்களையே ஏசாதேங்கோ அப்பா. உங்களுக்குத் தெரியாதுதானே." எங்கள் வளவில் ஒரு பனை கூட நின்றதில்லை. கள்ளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குடிப்பது மட்டும்.

ஆறாம் திகதி விமானம் அவள் இல்லாமல் போனது. வியாபாரம் அதோடு முடிந்தது. கொஞ்சம் தேறியும் இருந்தாள். ஆனால் கட்டிலில் கிடந்தபடி அவளே கேட்டாள்.

"வாயெல்லாம் கைக்குது. அந்தச் சாறு இன்னும் வடியுதே? ஒரு ஃப்ளாஸ்கிலை கொண்டு வாங்கோவன். இந்த முறை நல்லாக் கழுவிப்போட்டு."

கழுவியிருக்கலாமே என்று பொலிஸ் அம்மா கேட்கிறார். ஓம், கழுவியிருக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். பிரஷைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஜதுர்ஷிகா போன் அடித்தாள். அம்மாவுக்குச் சுகம் வருகிறதாம், ஏப்ரல் பத்துக்கு வேறு டிக்கெட் பார்க்கிறாளாம், இந்த முறை ஆறு மாதமாம். போனை வைத்தபோது தண்ணீர் ஆறிவிட்டிருந்தது. பிரஷை இருந்த இடத்தில் வைத்தேன். அன்று ஒரு ஃப்ளாஸ்க். அடுத்த நாள் ஒன்று. மூன்றாவதை ஒரு நர்ஸ் திறந்து மோந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாற்றிய சிறுநீரகம் இப்போது வேலை செய்யவில்லை. கிழமைக்கு மூன்று தரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அவளுக்கு இனி டொரொண்டோ இல்லை, பக்கத்திலிருக்கும் குரொய்டனுக்குப் போவதே பாடு. பேரன் பிறந்துவிட்டான். போனில் பார்த்தாள். அவனைக் கையில் எடுக்க ஆசை என்றாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

பிழையாக நடந்தது என்று எழுத வேண்டாம். தெரிந்துதான் கொடுத்தேன். எத்தனை தரம் என்று வேண்டுமானாலும் எழுதுங்கள், எண்ணிக்கையில் நான் பேரம் பேசப் போவதில்லை. கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் கொஞ்சம் கெதியாக முடியுங்கள், பிள்ளை. ஆறு மணிக்கு அவளுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். என்னை விட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?