எங்கள் வீட்டு மூக்கு

கிளாஸை அப்படி உள்ளங்கையில் ஏந்தாதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். தண்டைப் பிடியுங்கள். கைச்சூடு பட்டால் வெள்ளை ஒயின் வீணாகிவிடும். இந்த மேஜைக்கு வந்து உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போலத்தான், அதனால் வெட்கப்பட வேண்டாம். குடிக்கவும் அவசரமில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாகக் குடியுங்கள்.

நேற்று என் தம்பி பெண்டாட்டியிடம் அவன் சாவைப் பற்றி நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது. "அஜாக்கிரதைதாம்மா காரணம். தொட்டிக்குள்ள கேஸ் இருக்கான்னு பாக்காமலே எறங்கிட்டாரு" என்றீர்கள். அப்படியே எழுதி முடித்துவிடப் போவதாகவும் சொன்னீர்கள். அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து எங்கள் ஒயின் கிடங்கில் அஜாக்கிரதை என்ற பேச்சே கிடையாது. அந்த ஒரு வார்த்தையை அடிக்கச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

இந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு நான்தான் மூக்கு. பெயரே அதுதான். வியாபாரிகள் போன் போட்டால் "மூக்கு இருக்காங்களா?" என்று கேட்பார்கள். எந்தப் பழத்தை எப்போது பறிப்பது, எந்தத் தொட்டி தேறும், எதைச் சாக்கடையில் ஊற்றுவது எல்லாம் என் மூக்கு சொன்னால் சொன்னதுதான். அப்பாவே கடைசிக் காலத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் கிளாஸைக் கீழே வைப்பார். தம்பிக்கு அமைந்தது வாய். வருகிறவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டுவான், பல்லைக் காட்டுவான், போட்டோ எடுத்துக்கொள்வான். ஒயினை சோடா மாதிரிக் குடிப்பான். அப்படி ஒரு ஆளும் குடும்பத்துக்கு வேண்டியதுதான், வாசலில் நிற்கிற வரைக்கும்.

இந்த வருஷம் வானம் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. பூக்கும்போது பனி. காய் பிடித்த பிறகு வெயிலே இல்லை. பழுக்கிற நேரம் பார்த்து விடாத மழை. கொத்துக்குள் தண்ணீர் தங்கி, பழம் வெடித்து, சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை. அந்த மழையில் எனக்கும் ஒரு காய்ச்சல் வந்து கீழே தள்ளிவிட்டது. நான் எழுந்து வந்தபோது வீடே இழவு விழுந்தது போல உட்கார்ந்திருந்தது. நான் இல்லையென்றால் இவர்கள் இவ்வளவுதான்.

அறுவடை நடந்தது. பழம் பொறுக்கும் மேஜையில் நின்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாடகம் ஆடினார்கள். "இந்தக் கொத்தெல்லாம் வேண்டாங்க, புளிச்ச வாடை கொமட்டுது" என்றாள் ஒருத்தி. வாங்கி முகர்ந்து பார்த்தேன். துளி வாடை இல்லை. சுத்தமான பழம். "போடு" என்றேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கூலிக்கு வந்த இடத்தில் என்ன நுணுக்கம் பாருங்கள்.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, அடுப்பில் பாலை வைத்துவிட்டு பக்கத்திலேயே உட்கார்ந்து கத்திரிக்கோல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தான். "பால் தீஞ்சு வீடே நாறுதுக்கா. பக்கத்துலயேதான உக்காந்திருக்க?" என்றான். வேலையில் மூழ்கியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பரிதாபம் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட அவன் யார்?

சாறு நொதிக்க ஆரம்பித்ததும் கிளாஸும் கையுமாக வந்து நின்றான். "நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குதுக்கா. ரெண்டு தொட்டியிலயும்." நாலு தடவை உறிஞ்சிப் பார்த்தேன். தண்ணீர் போலச் சுத்தமாக இருந்தது. அதைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "காய்ச்சலுக்கு அப்பறம் சில பேருக்கு மூக்கு வேல செய்யாமப் போயிடுமாம். டாக்டர்கிட்ட கேட்டேன். உன் தப்பு ஒண்ணும் இல்லக்கா. ஒரு தடவ போய்க் காட்டிட்டு வந்துடலாம்."

என் முதுகுக்குப் பின்னால் டாக்டர் வரைக்கும் போயிருக்கிறான். எத்தனை நாளாகத் திட்டம் போட்டானோ. அந்த டாக்டர் போன வருஷம் எங்கள் ஒயினில் ஐஸ் போட்டுக் குடித்த ஆள். அவர் என் மூக்குக்குத் தீர்ப்புச் சொல்வாராம்.

அந்த வாரமே இரண்டு தொட்டியையும் கொடுத்துவிட தம்பி வினிகர் கம்பெனியோடு பேசி முடித்துவிட்டான். "நம்ம பேரப் போட்டு இத வித்தா, பேரே நாறிடும்க்கா. ஒரு வருஷம் போனாப் போகட்டும்" என்றான். அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னான். காலையில் லாரி வந்து முதல் தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போனது. இரண்டாவது தொட்டிக்கு மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த வீட்டில் என் சொல்லை மீறி ஒரு சொட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. மிச்சமிருந்த தொட்டியும் போனால் இனி என்னிடம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, சார். ஒயினுக்காகத்தான் சொல்கிறேன். எனக்காக இல்லை.

காலித் தொட்டியில் மண்டி தங்கியிருந்தது. காய்வதற்குள் கழுவ வேண்டும். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். "காய்ச்சல்ல எழுந்த ஒடம்பு, நீ எறங்காதக்கா. நானே பாத்துக்கறேன்" என்று தம்பி கிளம்பினான். ஒரு தொட்டியைக்கூட ஒழுங்காகக் கழுவத் தெரியாதவன்.

எங்கள் தொட்டிகள் தரைக்குள் இறக்கிக் கட்டிய பழைய சிமெண்ட் தொட்டிகள், நீங்களே பார்த்தீர்கள். ஒயின் போன பிறகும் மண்டி குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று கனமானது, அடியிலேயே கிடக்கும், ஆளின் மூச்சை அடைத்துவிடும். வாசனை கிடையாது. எப்பேர்ப்பட்ட மூக்கும் அதற்கு உதவாது. அதற்குத்தான் மெழுகுவர்த்தி. தகர டப்பாவில் ஏற்றிவைத்து கம்பியில் கட்டி முதலில் அதை இறக்க வேண்டும். அது எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது. அப்பா போட்ட சட்டம். தம்பி ஒருநாளும் அதைத் தானாகச் செய்ததில்லை. "நீ பாத்தாப் போதும்க்கா" என்பான்.

அன்றைக்கும் நான்தான் இறக்கினேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டிருந்தான். டப்பா ஏணியின் பாதிகூடத் தாண்டவில்லை, சுடர் அணைந்துவிட்டது. கம்பியை மேலே இழுத்தேன். லைட்டரை எடுத்துத் திரும்பப் பற்றவைத்தேன். அவன் திரும்பி, "எரியுதாக்கா?" என்று கேட்டான். "எரியுது" என்றேன். என் கையில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவன் இறங்கினான். அடியில் போய், களைத்துப்போனவன் மாதிரி மெதுவாக உட்கார்ந்தான். "அக்கா" என்றான். ஒரே தடவை, சத்தமாகக்கூட இல்லை. நான் ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன். ஒருத்தன் முட்டாள்தனமாக ஏணியில் கால் வைத்தான், சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இன்னொரு உயிரக் காப்பாத்திட்டீங்கம்மா" என்று நீங்களே பாராட்டினீர்கள்.

ஆக, பார்க்காமல் இறங்கினான் என்று எழுதாதீர்கள். மெழுகுவர்த்தி இறங்கியது, அணைந்தது, நான் பார்த்தேன், தெரிந்தேதான் அவனை அனுப்பினேன். கிடங்கில் எல்லாம் முறைப்படி நடந்தது.

இப்போது குடியுங்கள். இரண்டாவது தொட்டி ஒயின் இது. துக்க வீடு என்று லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெல்லச் சுழற்றி முதலில் முகருங்கள். பச்சை ஆப்பிள் தெரியும், எலுமிச்சைத் தோல் தெரியும், கடைசியில் லேசாகத் தேன். இப்படிப்பட்ட வருஷத்தில் இப்படி ஒரு ஒயின் எடுக்க வேறு யாரால் முடியும்?

ஏன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டீர்கள்? கைக்குட்டை எதற்கு? உங்களோடு வந்த கான்ஸ்டபிள் எதற்கு எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறார்? சரிதான், நீங்களும் அதே கூட்டம்தான். பொறுக்கும் மேஜைப் பெண்கள், டாக்டர், தம்பி, இப்போது நீங்கள் இரண்டு பேர். விசித்திரமாகத்தான் இருக்கிறது, சார். ஊரில் இத்தனை பேருக்கும் ஒரே வருஷத்தில் மூக்கு போய்விட்டது.