வாயில்லாப் பூச்சிகள்

நீங்கள் கேள்வி கேட்கும் விதம் சரியில்லை, இன்ஸ்பெக்டர் சார். கோபித்துக்கொள்ளாதீர்கள், வேலைக்கு வருகிறவர்களைக் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பே. ‘அந்த நிலையில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் எவனும் உத்தமனாகிவிடுவான். ‘முன்பு அப்படி ஒரு நிலை வந்ததா? என்ன செய்தீர்கள்?’ என்று கேட்க வேண்டும். நடந்ததைச் சொல்லும்போது ஆளின் குணம் தானாக வெளியே வந்துவிடும்.

மெத்தைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தது முழுக்க நான்தான். முன்பு இருந்தவர்கள் எதற்கெடுத்தாலும் குறை சொன்னார்கள். மின்விசிறி ஓடவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை, பின்கதவை ஏன் மூடியே வைத்திருக்கிறீர்கள் என்று. முதலாளி என்னைக் கூப்பிட்டார். “இனிமே வாயில்லாப் பூச்சியா பாத்து எடு. இல்லேன்னா உன் எடத்துக்கு நான் ஆள் தேட வேண்டியிருக்கும்.” எனக்கும் குடும்பம் இருக்கிறது.

அன்றிலிருந்து வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான். ‘மேலே இருப்பவர் சொன்னது தப்பு என்று உங்களுக்குத் தெரிந்த சமயம் ஒன்றைச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள்?’ வயரில் பொறி பறந்தபோதும் சூப்பர்வைசர் மெஷினை ஓட்டச் சொன்னதாகவும், தானே போய் மெயினை அணைத்துவிட்டதாகவும் ஒரு பெண் சொன்னாள். கெட்டிக்காரி. தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டேன். இன்னொருவர், “நமக்கேன் வம்புன்னு இருந்துட்டேன் சார்” என்று தலையைச் சொறிந்தார். அவரை அன்றே சேர்த்துக்கொண்டேன். அப்படித்தான் ஒவ்வொருவராகப் பொறுக்கினேன். லேசான வேலை இல்லை. வீட்டுக்குப் போனால் மனைவியிடம் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

அவள் தம்பியும் வேலைக்கு வந்தான். கொஞ்சம் துடுக்கு. நேர்காணலுக்கு முதல் நாள், சாப்பிட உட்கார்ந்தபோது நானே சொல்லிக்கொடுத்தேன். “நான் கேக்கறப்ப, பேசாம சொன்னதச் செஞ்சேன்னு சொல்லிடு.”

“பொய்தானே மாமா அது?”

“வேலைல சேந்துட்டா உண்மையாயிடும்” என்றேன். அவன் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தீப்பிடித்த அன்று மேனேஜர் வெளியே போயிருந்தார். பின்கதவுக்குப் பூட்டு கிடையாது, வெறும் தாழ்ப்பாள்தான். ஆனால் சரக்கு களவு போகிறது என்பதால், மேனேஜர் சொல்லாமல் அதைத் திறந்தால் வேலை போய்விடும் என்பது அங்கே சட்டம். மச்சினன் எனக்குப் போன் செய்தான். “மாமா, முன்பக்கம் பூரா புகை. எல்லாரும் மேனேஜருக்காக நிக்கிறாங்க. நான் பின்கதவத் தொறந்துடவா?” அவனைச் சுற்றி இருமல் சத்தம் கேட்டது.

பதற்றத்தில் சொல்லிவிட்டேன் என்று எழுதாதீர்கள். யோசித்துத்தான் சொன்னேன். வெறும் புகைக்குப் பயந்து கதவைத் திறந்தால், என் ஆள்தான் முதலில் சொல் மீறினான் என்று முதலாளியிடம் பேச்சு போகும். “மேனேஜர் வரட்டும். நீ முந்திரிக்கொட்டை மாதிரி எதுவும் செஞ்சுடாதே” என்றேன். “சரி மாமா” என்றான்.

உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்ததாக நீங்களே சொன்னீர்கள்.

அவன் அக்கா என்னோடு பேசுவதில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கும் தூக்கம் இல்லை, எல்லாம் அலுத்துவிட்டது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், சார். நான் எடுத்த ஆட்களில் ஒருவர்கூடச் சோடை போகவில்லை.