லிபார்தோவின் காய்க்காத பொரொஹோ

எமெரிதா: ...அந்தக் கோடாரியைக் கீழ வெச்சுட்டுப் பேசுங்க, கொம்பாத்ரே.

லிபார்தோ: பேச ஒண்ணுமில்ல, கொமாத்ரே. மரம் விழும். நான் படகுல ஏறுவேன். இந்த வரிசையிலதான்.

எமெரிதா: வரிசையை மாத்திக்கலாமே. மொதல்ல படகு. மரம் எங்க ஓடிடப் போகுது.

நெஃப்தலி: அண்ணே! மோட்டார் ஓடிட்டிருக்கு! பெட்ரோலை இது உங்களவிட வேகமாக் குடிக்குது!

லிபார்தோ: இரு நெஃப்தலி, ஒரு பத்து நிமிஷம்!

எமெரிதா: பொரொஹோ மரத்தை வெட்டறது பாவம்.

லிபார்தோ: உங்க வீட்டுக்காரர் ஒன்பது வெட்டினாரே.

எமெரிதா: அதான் போய்ச் சேர்ந்துட்டாரு.

லிபார்தோ: அவர் போனது மஞ்சக்காமாலையில.

எமெரிதா: ஒன்பது வெட்டினவருக்கு வேற என்ன வரும்?

லிபார்தோ: சரி, எனக்கும் வரட்டும். மகன் வீட்டுல வெச்சு வரட்டும். புவனாவெந்தூராவுல ஆஸ்பத்திரி பக்கம்.

எமெரிதா: மகன் வீடு மூணாவது மாடி. அங்க என்ன பண்ணுவீங்க?

லிபார்தோ: கீழ பார்ப்பேன்.

எமெரிதா: பார்த்து?

லிபார்தோ: ...அப்புறம் மேல பார்ப்பேன். இங்க மட்டும் என்ன பண்றேன்? பன்னெண்டு வருஷம் ஆச்சு இதை நட்டு. எட்டு வருஷமாப் பூக்குது. கொத்துக் கொத்தா! ஒரு கிளை நுனியில ஏழு, எட்டு. வெள்ளை வெளேர்னு, மெழுகுல செஞ்ச மாதிரி. வாசனை படகுத்துறை வரைக்கும் போகுது. அப்புறம்? எல்லாம் கொட்டிடுது. உங்க மரத்தைப் பாருங்க... நுனிக்கு ஒண்ணே ஒண்ணு, ஒத்தைப் பூ. அது கம்முனு காயா உக்காந்துக்குது, குழந்தைத் தலை பருமனுக்கு.

நெஃப்தலி: உங்களுது தேர்தல்ல நிக்கிற மரம் அண்ணே. பூவோட சரி.

எமெரிதா: நீ படகைப் பாரு.

நெஃப்தலி: படகைக் கட்டிட்டேன் அக்கா. இங்கதான் நல்லாருக்கு.

லிபார்தோ: நான் என்ன பண்ணலை இதுக்கு? பெரிய வெள்ளிக்கிழமை, சூரியன் வர்றதுக்கு முன்னாடி, பெல்ட்டால பன்னெண்டு அடி. காய்க்காத மரம் பயந்து காய்க்கும்னாங்க. மூணு வருஷம் அடிச்சேன்.

நெஃப்தலி: நான் சாட்சி. மூணாவது வருஷம் பெல்ட்டு அறுந்துச்சு. ஈஸ்டர் பூசையில அண்ணன் ஒரு கையால பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டே பாடினாரு.

லிபார்தோ: நகருங்க, கொமாத்ரே.

எமெரிதா: நகர மாட்டேன்.

நெஃப்தலி: அக்கா, தெரியாமத்தான் கேக்கறேன். அவர் மரம், அவர் கோடாரி. உங்களுக்கு ஏன் வலிக்குது?

எமெரிதா: நிழலுக்குத்தான்.

நெஃப்தலி: உங்க வீடு ஓடைக்கு அந்தப் பக்கம்ல?

எமெரிதா: சாயங்காலம் வரும்.

நெஃப்தலி: நூறடியா?

எமெரிதா: ...நீளமான நிழல்.

நெஃப்தலி: எனக்கென்ன. ஆத்துல ஒவ்வொரு துறையிலயும் கேப்பாங்க. எமெரிதா அக்கா காலங்காத்தால மக யாசீராவோட ஞானத்தகப்பன் வீட்டுல என்ன பண்றாங்கன்னு. நிழலுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடறேன்.

எமெரிதா: டேய்! நாக்கை அடக்கு. என் பொண்ணுக்கு இவர் தண்ணி தொட்டவரு. கொம்பாத்ரே, கொமாத்ரேன்னா கூடப் பொறந்தவங்களுக்கு ஒரு படி மேல. நடுவுல நிக்கிறது ஞானஸ்நானத் தண்ணி.

நெஃப்தலி: அதனாலதான் கேப்பாங்க. அந்தத் தண்ணியைத் தாண்டினா வீட்டுல இடி விழும்னு எங்கம்மா சொல்லுவாங்க.

லிபார்தோ: உங்க வீட்டுல எத்தனை தடவை விழுந்துச்சு?

நெஃப்தலி: ரெண்டு. அது வேற விஷயம்.

லிபார்தோ: கேட்டீங்களா? காரணம் இல்லாம நின்னா இப்படித்தான் பேசுவான். நகருங்க.

எமெரிதா: ...காரணம் இருக்கு.

லிபார்தோ: என்ன?

எமெரிதா: சொன்னா நீங்க ஆடுவீங்க.

லிபார்தோ: எனக்கு முட்டி வலி. ஆட மாட்டேன்.

எமெரிதா: அது ஆண் மரம்.

நெஃப்தலி: எது?

எமெரிதா: இதுதான்! பொரொஹோவுல ஆணு வேற மரம், பொண்ணு வேற மரம். பூக்கற வரைக்கும் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதே பெரிய இலை, அதே தண்டு. கொத்தாப் பூத்தா ஆணு. ஒத்தையாப் பூத்தா பொண்ணு. இந்தக் கொத்துலேர்ந்து தேனீ பூந்தூளை எடுத்துக்கிட்டு ஓடையைத் தாண்டி எங்க தோட்டத்துக்கு வருது. அப்புறம்தான் எங்க மரம் காய்க்குது.

நெஃப்தலி: அண்ணே, மூச்சு விடுங்க.

லிபார்தோ: அப்போ என் மரம்... எட்டு வருஷமா... உங்க வீட்டுக்கு வேலைக்குப் போயிட்டிருக்கு?

நெஃப்தலி: அதை வேலைன்னா சொல்லுவாங்க?

லிபார்தோ: ஆம்பளையைப் போயி காய்க்கச் சொல்லி அடிச்சிருக்கேனே...

எமெரிதா: நீங்களாவது அடிச்சீங்க. எங்க வீட்டுக்காரர் வெட்டினாரு. சும்மா நிக்கிற கழுதைக்கு நிலம் எதுக்குன்னு ஒன்பதையும் சாய்ச்சாரு. அடுத்த வருஷமும் காய் விழுந்துச்சு. பார்த்தியாடி, எடம் கிடைச்சதும் எப்படிக் காய்க்குதுன்னு ஊர்பூரா பீத்திக்கிட்டாரு. அது முந்தின வருஷப் பூவோட காய்! ஒரு காய் முத்தி விழ வருஷம் ஆகுமே... அதுக்கடுத்த வருஷம் கூடையோட போனேன். வெறும் தரை. இருபத்திமூணு மரம், ஒரு காய் இல்ல. பாதிரியார் மாறினதாலன்னாரு.

நெஃப்தலி: புதுப் பாதிரியார் பாவம், அவருக்குக் கண்ணும் சரியாத் தெரியாது.

எமெரிதா: அப்புறம் ஒரு வருஷம், உங்க பக்கமா நிக்கிற மூணு மரம் மட்டும் காய்ச்சுது. தூரத்துல நிக்கிறது காய்க்கலை. ஏன்னு யோசிச்சேன். தேனீ பின்னாடியே நடந்தேன். இங்க வந்து நின்னுச்சு.

லிபார்தோ: இதை இத்தனை வருஷம் எங்கிட்டச் சொல்லலை.

எமெரிதா: சொன்னா பங்கு கேப்பீங்க.

லிபார்தோ: கேட்டிருப்பேன்.

எமெரிதா: இப்போ வெட்டினா இந்த வருஷம் எனக்கு ஒண்ணும் தெரியாது. தொங்கறது தானா விழும், நானும் பொறுக்குவேன். பறிச்சா பழுக்காது, விழுந்தாத்தான் பழம். அதைத்தான் இந்த நெஃப்தலி டவுன்ல புது மாப்பிள்ளைங்களுக்குத் தெம்பு ஜூஸ் போடக் கொண்டுபோறான்.

நெஃப்தலி: பழைய மாப்பிள்ளைங்கதான் அக்கா ஜாஸ்தி.

எமெரிதா: அடுத்த வருஷம்தான் எனக்கு அடி விழும். யாசீரா படிப்பு அந்தக் கூடையிலதான் இருக்கு. போதுமா? இப்போ சொல்லு ஆத்துல.

நெஃப்தலி: சொல்லிடலாம். விவசாய விஷயம்.

எமெரிதா: விவசாய விஷயம்.

லிபார்தோ: சரி, மரம் நிக்கட்டும். நான் படகுல ஏறறேன்.

எமெரிதா: ஏறினா?

லிபார்தோ: ஏறினா என்ன? மரம் தானாப் பூக்கும்.

எமெரிதா: கொடி யார் எடுக்கறது? நம்ம மழைக்கு மூணு மாசத்துல கழுத்து வரைக்கும் சுத்திடும். ஆளில்லாத நிலத்துல மரம் எத்தனை நாள் நிக்கும்?

நெஃப்தலி: நான் வேணா வந்து வெட்டி விடறேன் அக்கா.

எமெரிதா: நீ வேண்டாம். உன் கத்திக்குக் கொடி எது, மரம் எதுன்னு தெரியாது.

லிபார்தோ: ...நெஃப்தலி.

நெஃப்தலி: சொல்லுங்க அண்ணே.

லிபார்தோ: நீ கிளம்பு.

நெஃப்தலி: தெரியும். தெரிஞ்சுதான் கட்டினேன். இந்தாங்க உங்க பை, பிடிங்க... என்னண்ணே இவ்வளவு லேசா இருக்கு? குடிபோறேன்னீங்க?

லிபார்தோ: ரெண்டு சட்டை போதும் எனக்கு.

நெஃப்தலி: ஒண்ணுதான் இருக்கற மாதிரி இருக்கு.

லிபார்தோ: கிளம்புடா!

எமெரிதா: ...போறானா?

லிபார்தோ: திரும்பித் திரும்பிப் பார்க்கறான். கையை ஆட்டுங்க. விவசாயமா ஆட்டுங்க.

எமெரிதா: அது எப்படி ஆட்டறது?

லிபார்தோ: இப்படி... வளைவு திரும்பிட்டான். உக்காருங்க. காப்பி இருக்கு. வாழைக்காய் வறுத்திருக்கேன்.

எமெரிதா: ஊருக்குப் போறவர் காலையில ரெண்டு பேருக்கு வாழைக்காய் வறுத்தீங்களா?

லிபார்தோ: ...கை தவறி விழுந்துடுச்சு.

எமெரிதா: நல்லா மொறுமொறுன்னு விழுந்திருக்கு.

லிபார்தோ: கொமாத்ரே... ஒண்ணு சொல்லணும். கோபிக்கக் கூடாது.

எமெரிதா: கோபிப்பேன். சொல்லுங்க.

லிபார்தோ: இது ஆண் மரம்னு எனக்குத் தெரியும்.

எமெரிதா: இப்போதானே சொன்னேன்.

லிபார்தோ: அஞ்சு வருஷமாத் தெரியும். பெல்ட்டு அறுந்த வருஷம், விவசாய ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சுல்ல... அது பூவைப் பிச்சுப் பார்த்துச் சொல்லுச்சு. ரொம்ப நேரம் சிரிச்சுச்சு.

எமெரிதா: அஞ்சு வருஷமாத் தெரிஞ்சுக்கிட்டா வருஷா வருஷம் கோடாரியைத் தூக்கறீங்க?

லிபார்தோ: பூக்கற மாசத்துல மட்டும்.

எமெரிதா: எதுக்கு?

லிபார்தோ: தூக்கினா நீங்க வர்றீங்க. வேற எப்படிக் கூப்பிடறது? நானும் உங்க வாசலைத் தாண்டினதில்ல. இந்த வருஷம் பூ வந்து ரெண்டு வாரம் ஆச்சு. சத்தம் கேக்கட்டும்னு கோடாரியை நாலு தடவை தீட்டினேன். நீங்க வரலை. அதான் படகு வரைக்கும் போயிட்டேன்.

எமெரிதா: யாசீராவுக்குக் காய்ச்சல்.

லிபார்தோ: தெரியாது... நேத்துதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள படகைச் சொல்லிட்டேன்.

எமெரிதா: நான் வராம இருந்தா?

லிபார்தோ: ஏறியிருப்பேன். சத்தியமா. அந்த ஒரு சட்டையோட.

எமெரிதா: ...வாழைக்காய்ல உப்பு கம்மி.

லிபார்தோ: தப்புத்தான் கொமாத்ரே. உங்க பிழைப்பை வெச்சு விளையாடியிருக்கேன். ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு பயந்திருப்பீங்க... இனிமே இல்ல. இந்தக் கோடாரியை நாளைக்கே நெஃப்தலிகிட்டக் கொடுத்து வித்துடறேன்.

எமெரிதா: விக்க வேண்டாம்.

லிபார்தோ: இல்ல, வித்தாத்தான் உங்களுக்கு நிம்மதி.

எமெரிதா: வேண்டாம்னா கேளுங்களேன். எங்க அடுப்படிக்குப் பின்னால அப்புறமா வளர்ந்த ரெண்டு ஆண் மரம் நாலு வருஷமாப் பூக்குது, உங்க மரத்தோட தயவு எனக்குத் தேவையே இல்ல... கோடாரியை வித்துட்டா, அடுத்த வருஷம் நான் என்னன்னு சொல்லிக்கிட்டு வர்றது?