கேட்காமல் மாற்றிய ஆயில்

வண்டிக்கு நோய் சொல்வது பெரிய வித்தை இல்லை, சார். பொறுமையும் காதும் இருந்தால் போதும். வண்டி பொய் சொல்லாது, கொண்டு வருகிற ஆள்தான் சொல்வான். சாவியை நீட்டும்போதே "சின்ன வேலைதான்" என்பான். எங்கள் தெருவில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொன்ன நோய் தப்பாகப் போனதாக ஒருவரும் சொன்னதில்லை, என் தங்கையின் புருஷனைத் தவிர. அவர் செத்ததைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். சொல்கிறேன். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

மாப்பிள்ளைக்கு வாய் நீளம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் தங்கை ஒரு பேச்சை ஆரம்பித்தால், பாதியில் வெட்டிவிட்டு அவரே முடிப்பார். "இவளுக்கு என்ன தெரியும்" என்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளும் தலையைக் குனிந்துகொண்டு காபி எடுத்துவரப் போவாள். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவன் நான். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எப்படி இருக்கும்? எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

புகைச் சோதனையில் அவருடைய கார் தேறவில்லை. முன்பலகையில் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. யாரோ ஒரு நண்பர் வண்டியின் குறைகளைப் படிக்கிற கருவியைச் செருகி, போனில் பார்த்து, புகையை அளக்கிற சென்சார் போய்விட்டது என்று சொல்லியிருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார்.

"மச்சான், சென்சாரை மாத்துங்க. வேற எதையும் நோண்டாதீங்க."

ஓட்டிப் பார்க்காமல் நான் எந்த வண்டியிலும் கை வைப்பதில்லை. சென்சார் போயிருந்தது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டி நன்றாகச் சூடான பிறகு மேம்பாலத்தில் ஏற்றினேன். மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. அது தானாகவே கியர் மாற்றிக்கொள்கிற வண்டி. கியர் பாக்ஸுக்குள்ளே ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டிய தட்டுகள் தேய்ந்து வழுக்குகின்றன. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது, கருகல் வாடை வேறு. கருவியை நானும் செருகினேன். வண்டி இரண்டு குறைகளைச் சொல்லியிருந்தது, ஒன்று சென்சார், மற்றது கியர் வழுக்கல். அந்த நண்பர் முதலாவதைப் படித்ததோடு நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "கியர் பாக்ஸை இறக்கித் தட்டு மாத்தணும், மாப்பிள்ளை. மேட்டுல வழுக்குது. நடுரோட்டுல எங்கயாவது கைவிட்டுடும்."

மறுநாள் காலையில் அவர் என் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து டீக்கடையில் நல்ல கூட்டம். இரவெல்லாம் நின்று குளிர்ந்திருந்த வண்டியைக் கிளப்பி, தெருக்கோடி வரைக்கும் சீறிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். ஒரு வழுக்கலும் இல்லை. குளிர்ந்த வண்டியில் இருக்காது.

"சூடாகணும், மாப்பிள்ளை. சூடானாத்தான் தெரியும்" என்றேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? வண்டிக்குக் காய்ச்சல் வந்தாத்தான் நம்ம டாக்டருக்கு நோயே தெரியுமாம்!"

டீக்கடையே சிரித்தது. டம்ளர் கழுவுகிறவன்கூடச் சிரித்தான். என் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் சிரித்தால் பெண்டாட்டியும் சிரிக்கத்தானே வேண்டும். பிறகு அவள் என் பக்கத்தில் வந்து, "விடுண்ணா, அவர் சொன்னதை மட்டும் செஞ்சு குடுத்துடேன்" என்றாள்.

சரி என்றேன். சென்சாரை மாற்றினேன். நல்ல சரக்காகத்தான் போட்டேன், கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம். கருவியை வைத்து வண்டியில் பதிவாகியிருந்த இரண்டு குறைகளையும் அழித்தேன். விளக்கு அணைந்தது.

அவர் கேட்காத ஒரு வேலையையும் செய்தேன். கியர் பாக்ஸில் இருந்த கருகிய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினேன். கூலிகூடக் கேட்கவில்லை. இதில் என்ன குற்றம் என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் தோன்றும். ஆனால் என் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். தட்டு தேய்ந்துபோன கியர் பாக்ஸில், தேய்ந்த தூளெல்லாம் அந்தப் பழைய ஆயிலில்தான் மிதக்கும். மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சப் பிடிப்பும் அந்தத் தூளால் வருவதுதான். புது ஆயில் அதைக் கழுவிவிடும். அதனால் அந்த மாதிரி வண்டிக்கு ஆயில் மாற்ற மாட்டோம், கியர் பாக்ஸை இறக்குவோம்.

மாற்றிய பிறகு மேம்பாலத்துக்கு மறுபடி ஓட்டிப் போனேன். சோதித்துப் பார்க்காமல் வண்டியை ஒப்படைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சூடானதும் பாதி மேட்டில் நின்றுவிட்டது. ஆறவைத்துத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

மலைமேல் ஒரு வீடு பார்க்கப் போவதாக மாப்பிள்ளை ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மட்டும்தான் போவார் என்று நான் நினைத்திருந்தேன். மாப்பிள்ளைக்கு முன்னால் ஒரு வண்டி போனால் பொறுக்காது, சார். அது லாரியோ பஸ்ஸோ, வளைவோ மேடோ, முந்தியே தீர வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவருக்கு வாயும் காலும் ஒன்றுதான்.

வண்டி எடுக்க வந்த காலையில் என் தங்கையும் கூடவே வந்து இறங்கினாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். முன் கதவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, வண்டி சரியாயிடுச்சா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளை நிறுத்த ஒரு வார்த்தை போதும் என்று எனக்கும் தெரியும். 'இரும்மா, டீ குடிச்சிட்டுப் போ' என்றாலே போதும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"நல்லாக் கேளு. இன்னும் ஏதாவது நோய் பாக்கி இருக்கான்னு டாக்டர்கிட்டக் கேட்டுக்கோ."

அவளும் சிரித்துவிட்டாள்.

"நீங்க சொன்னதைச் செஞ்சுட்டேன்மா" என்றேன்.

அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். பக்கத்தில் பெண்டாட்டி இருந்தால் மெதுவாகப் போவார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு உரிமை இருக்கிறது. தெருக்கோடியில் திரும்பும்போது அவள் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

லாரி டிரைவர் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். இன்னொரு தடவை படிக்கச் சொல்லி நான்தான் கேட்டேன். மேட்டில் அவனை முந்த வலப்பக்கம் ஏறினார்களாம். எதிரே பாரம் ஏற்றிய வண்டி இறங்கி வந்ததாம். "இன்ஜின் அலறிச்சு, ஆனா கார் நகரல" என்று அவன் சொல்லியிருக்கிறான். அவனுக்கு என்னைத் தெரியாது. டீக்கடையில் நான் சொன்னதும் தெரியாது. ஆனாலும் நான் சொன்ன நோயைத்தான் அவனும் சொல்லியிருக்கிறான்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். தங்கை போனதில் எனக்குத் துக்கம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள், நான் வளர்த்த பெண் அவள். ஒன்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன். இன்ஜின் அலறி வண்டி நகராமல் நின்ற அந்த நேரத்தில், அண்ணன் சொன்னது சரிதான் என்று அவளுக்காவது புரிந்திருக்கும்.