பெட்டியின் பதினேழாவது பொருள்

வினிகரின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. பல் டாக்டரின் மனைவிக்குத் தேநீர் ஊற்றும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பது வருஷச் சிநேகம், அக்கா. ஒரு துண்டு பித்தளையால எட்டு மாசமாப் பேச்சில்ல. இவர் சரியாச் சாப்பிடறதுகூட இல்ல."

குளியலறையிலிருந்து என் கணவரின் பாட்டு கேட்டது.

"அண்ணன் மட்டும் சந்தோஷமாப் பாடறார்."

"சந்தோஷமில்லம்மா. உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம்."

என் கணவரும் டாக்டரும் சனிக்கிழமைதோறும் ஏலத்துக்குப் போவார்கள். இன்னதென்று தெரியாத பழைய உலோகச் சாமான்களை ஒரு பெட்டி எடுத்துவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் கொட்டுவார்கள். ஞாயிறு முழுக்கப் பூதக்கண்ணாடியும் கையுமாக ஆராய்ச்சி. எது என்னவென்று சொல்லி மற்றவரை ஒப்புக்கொள்ள வைத்தவருக்குப் பொருள் சொந்தம். தோற்றவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது வருடங்களாக நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. எதையும் மனதில் வைத்துக்கொள்பவள் அல்ல நான்.

குளியலறைத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று அவரிடம் நான்கு முறை சொன்னேன். நான்காவது முறை, "பாக்கலாம்" என்று கையிலிருந்த துருப்பிடித்த ஆணியிடம் சொன்னார். மறுநாள் தாழ்ப்பாள் கழன்று என் கையோடு வந்துவிட்டது.

அவர் அதை ஒருமுறை பார்த்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வினிகரில் உப்புப் போட்டு ஒன்பது நாள் ஊறவைத்தேன். பச்சையாகப் பூத்தது. ஒரு முனையைச் சுத்தியலால் கொஞ்சம் வளைத்தேன். அந்த வாரப் பெட்டியில் பதினாறு பொருள்கள் இருந்தன. பதினேழாக்கினேன்.

பார்த்தார். பதினொரு மாதமாகப் பார்க்கிறார். குதிரைச் சேணத்தின் கொக்கி என்றார். டாக்டரோ, அந்தக் காலத்தில் பல் பிடுங்கிய கருவி என்றார்.

"பல்லு பிடுங்கறவனுக்கு எதப் பாத்தாலும் பல்லுதான்!"

"சேணம் குதிரைக்கு இல்லய்யா, முதல்ல உனக்குப் போடணும்!"

மூன்று மாதம் இப்படியே வாதாடி, ஒருநாள் எழுந்து போனவர்தான் டாக்டர். இடையில் ஒருமுறை சமாதானம் பேசத் தொலைபேசியில் அழைத்தார். இவர் வெளியே போயிருப்பதாகச் சொல்லிவிட்டேன். சேணத்தைப் பற்றி இவர் எழுதிக்கொண்டிருந்த நாற்பது பக்கக் கட்டுரை அப்போது பாதியில் இருந்தது. எழுதுகிற மனிதரைக் கலைக்கலாமா? அதை அழகாகப் படியெடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஏலத்துக்குத் தனியாகப் போக அவருக்கு மனமில்லை. மேசையில் இப்போது அந்தக் கொக்கி இருக்கும் கண்ணாடிப் பெட்டி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் தட்டுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

"நீங்க கெட்டிக்காரி, அக்கா," என்றாள் அவள். "ஒரு தடவ கையில எடுத்துப் பாத்து, இது இன்னதுதான்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க."

பாட்டு நின்றது. கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் எங்கே போனது என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.

அவள் கண்ணாடிப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். நான் அதை மெதுவாக அவள் பக்கமே திருப்பி நகர்த்தினேன்.

"அதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க சமாசாரம்மா. எனக்கு என்ன தெரியும்?" என்றேன். "தேநீர் ஆறுது, குடி."