நீலக்கயிறு கட்டிய வரிசை

பதினொரு நாட்களில் உலகநாதன் வீட்டில் ஏழு முறை டீ குடித்தேன். அவர் மனைவி சம்பூர்ணம் எனக்கு மட்டும் சர்க்கரையைக் குறைத்துப் போடுவார். நான் கேட்டதில்லை; அவராகவே கவனித்திருந்தார்.

ஊரப்பாக்கத்தில் எனக்கு அறை. செங்கல்பட்டு வரை ரயில், பிறகு பஸ். ஒரு கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. புதிய ரகம் செவ்வழுகல் நோயைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அந்த நோய் கண்ட கரும்பு வெளியே பச்சையாக நிற்கும். பிளந்தால் உள்ளே சிவந்து, புளித்த வாடை அடிக்கும். பண்ணையின் சோதனைப் பாத்தி மழையில் மூழ்கிவிட்டது. அதனால் அதே ரகம் நட்டிருந்த உலகநாதன் வயலில் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, நாற்பது கரும்புகளுக்கு நீலக்கயிறு கட்டினேன்.

"இன்னாம்மா, கரும்புக்குத் தாலி கட்டிகினு கீற?" என்று சிரித்தார்.

பதினொன்றாம் நாள் அந்த வரிசை இல்லை. உலகநாதனின் தங்கை புருஷன் பார்த்திபன் விதைக்கரும்பு கேட்டிருந்தார். தங்கை வீட்டுக்கு மட்டமானதைக் கொடுக்கக் கூடாது என்று, கயிறு கட்டியவற்றையே வெட்டிக் கொடுத்துவிட்டார்.

"படிச்ச பொண்ணு பொறுக்கி வெச்சதாச்சே. நல்ல கரும்புதானம்மா?"

விதைக்கு ஆகாது என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. தலையாட்டினேன்.

நட்ட ஏழாம் மாதம் பார்த்திபன் நிலத்தில் தோகைகள் காய்ந்தன. பாசனத் தண்ணீர் நோயைப் பக்கத்து வயல்களுக்கும் கொண்டுபோனது. வாரந்தோறும் போய் எண்ணி எழுதினேன். பண்ணையில் இவ்வளவு தெளிவான கணக்கு கிடைத்திருக்காது. ஓர் எண்ணைக்கூட நான் மாற்றவில்லை.

மச்சான் அழுகல் கரும்பைத் தெரிந்தே தள்ளிவிட்டார் என்று பார்த்திபன் நம்பினார். வாய்ச்சண்டை வயலிலேயே நடந்தது. பார்த்திபன் கையில் கரும்பு வெட்டும் கத்தி இருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உலகநாதன் இறந்தார். பார்த்திபன் சிறையில் இருக்கிறார்.

கத்தியை நான் தொடவில்லை, சார். அந்த ரகத்தை நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ ஏக்கர் தப்பித்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்த மறுநாள் சம்பூர்ணம் கேட்டார்: "வாரா வாரம் வந்து பாத்த பொண்ணு நீ. எங்க கழனில அந்த நோவு எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

கேட்டதால் சொன்னேன்.

"எங்கேர்ந்தும் வரலக்கா. பண்ணையில வளத்த பூஞ்சையை ஊசில எடுத்தாந்து, தோகையை வெலக்கி, உங்க கரும்புல ஏத்தினது நான்தான்."